கறண்ட் பழமும் ஆறு கதியாலும்

மாதா காவல்

பிளேஸ்டோ
லண்டன், 7.8.1988

மகன் வீட்டில் இருக்கிற பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

இங்கே நானும் மகளும் மருமகனும் சுகம். பிறஷர் குளிசை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. முழங்கால் பழையபடி. உனக்காகவும் புதுப் பேரனுக்காகவும் செபமாலையில் ஒரு பத்து கூடுதலாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் பேசினால் எனக்குக் காது கேளாது, காகிதத்தில் எழுதினால் எழுத்துத் தெரியாது. மகள் பெர்னடெற் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்து கோட்டைக் கழற்றாமலே நித்திரையாகிறாள். ஆகவே இரண்டு தெரு தள்ளி இருக்கிற சபாரத்தினத்தாரை வரச்சொல்லி வாசிக்கக் கேட்டேன். ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர், ஒரு சொல் விடாமல் வாசிப்பார். இதை எழுதுகிறதும் அவர்தான்.

இரண்டு பக்கக் கடிதத்தில் றெஜினோல்ட் என்ற பேர் ஒன்பது தரம் வந்தது. விரல் மடித்துக் கேட்டேன். மகனின் பேர் மூன்று தரம். பேரப்பிள்ளையின் பேர் நாலு. என்னைப் பற்றி ஒருதரம், அதுவும் குளிசை போட்டேனா என்று.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன், பெண்சாதி செத்துப்போனவர், றெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்தவர், பன்னிரண்டு பற்றை பிளக்கறண்ட் பழச்செடி வைத்திருக்கிறார், வேலிக்கு மேலால் உனக்குப் பழம் நீட்டுகிறார். எல்லாம் விளங்கியது. கறண்ட் என்றால் எங்களுக்கு லைற் எரிகிறது. அவருக்கு அது காய்க்கிறதாம். நல்லது.

மகனிடம் நீ கொடுத்துவிட்ட ஜாம் இருமல் மருந்து மாதிரி. மகள்தான் பாணுக்குப் பூசித் தின்கிறாள். ஐஸ்கிறீம் பெட்டியில் வந்த பழத்தை நான் தொட்டும் தின்னவில்லை. பிசைந்து, வடித்து, கழுவி, விதையைக் காயவைத்திருக்கிறேன். நாற்பது வருசம் புகையிலை நாற்றுப் போட்டவன் நான். தூசி மாதிரி விதையில் இருந்து ஆள் உயரக் கன்று எடுத்தவன். அந்த மனிசனின் வீட்டுப் பின்கோடியில் வளருகிறது என் கோடியில் வளராதோ? நீ வந்தால் இங்கேயே பிடுங்கித் தின்னலாம். ஒருத்தரும் வேலிக்கு மேலால் நீட்டத் தேவையில்லை.

யூன் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, பத்தரைப் பூசை முடிந்து காரில் ஏறினாய். ஊதாச் சீலை. "பிள்ளை பார்க்க மூண்டு மாசம்" என்று சொன்னாய். செப்ரெம்பர் பன்னிரண்டு திங்கட்கிழமையில் வருகிறது.

பேரனுக்கு என் முத்தம்.

செபமாலைமுத்து
× (அவர் கையால் போட்ட கீறு)

அக்கா, கீறுக்குக் கீழே இருப்பது என் சொந்தச் சரக்கு. ஜாம் போத்தல் வெறுமை. தின்றது மகள் அல்ல. — சபாரத்தினம்.

⁂

ரெய்னர்ஸ் லேன்
28.8.1988

மதிப்புக்குரிய பெர்னடெற்றின் ஐயாவுக்கு, மதலேனம்மா வணக்கத்துடன் எழுதுவது.

எல்லோரும் சுகம். பேரன் பதினொரு இறாத்தல். பால் குடித்து முடிந்தால் என் தோளில்தான் ஏவறை விடுவான், தாயின் தோளில் விடமாட்டான். உங்கள் முழங்காலுக்குச் சித்தாலேப எண்ணெய் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். சூடாக்கிப் பூசவும்.

அந்தப் பேரை எத்தனை தரம் எழுதினேன் என்று நான் எண்ணவில்லை. இந்தத் தெருவில் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். எனக்கு இங்கிலீஷ் பத்துச் சொல். அவருக்குத் தமிழ் ஒரு சொல், 'ஓம்'. அதை வைத்துக் கதைக்கிறோம்.

நீங்கள் விதை போடுகிற கதையை மகன் கிறிஸ்துநாயகம் அவருக்குச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். "விதையிலை வந்தால் தாயைப் போலை வராதாம் அம்மா. வேறை ஏதோதான் வருமாம். ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லையாம்" என்று மகன் சொன்னான். செய்யத்தான் வேண்டுமென்றால் விதைக்கு ஒரு குளிர்காலம் காட்ட வேண்டுமாம். குளிர் பட்டால்தான் கண் திறக்குமாம்.

மருமகளுக்கு இடுப்பு இன்னும் சரியில்லை. டிசம்பர் நத்தார் வரைக்கும் இருக்கச்சொல்லி மகன் கேட்டான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உப்பைக் குறைக்கவும். மாதா உங்களைக் காப்பாராக.

மதலேனம்மா

⁂

பிளேஸ்டோ
9.10.1988

பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். எண்ணெய் கிடைத்தது. நாறுகிறது, ஆனாலும் பூசுகிறேன்.

செப்ரெம்பர் பன்னிரண்டு வந்து போனது. அன்றைக்குப் பெர்னடெற் இறால் வாங்கி வைத்திருந்தாள். சொல்லி வைத்தது நான்தான். அதை விடு.

"விதையிலை வந்தது தாயைப் போலை வராது" என்று அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். பழத்தைச் சொன்னாரோ எங்கள் பிள்ளைகளைச் சொன்னாரோ என்று சபாரத்தினத்தாரைக் கேட்டேன். "பழத்தைத்தான் அண்ணை" என்கிறார். எனக்குச் சந்தேகம்தான். ஒருத்தரும் செய்கிறதில்லை என்றால் நான் செய்கிறேன்.

குளிர் காட்ட வேண்டும் என்று யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் விதையை ஈர மணலில் கலந்து, ஜாம் போத்தலில் போட்டு, பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு முதல் மருமகன் அதைச் சிவத்த சீனி என்று எடுத்துத் தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டான். "மாமா, இதென்ன பல்லிலை கடிபடுது?" "அது என்ரை தோட்டமடா!" ஒரு கரண்டி விதை அவன் வயிற்றில். மிச்சம் இருக்கிறது.

வீட்டில் சத்தம் இல்லை. மகளும் மருமகனும் மாறி மாறி ஷிப்ட். கோடியில் நாலு கத்தரி, ஒரு பூசணி. அவையோடு நான் கதைக்கிறேன்.

செபமாலைமுத்து
×

அக்கா, இறாலை யாரும் அன்று தொடவில்லை. மறுநாள் எனக்குத்தான் ஒரு பெட்டியில் கட்டித் தந்தார். — சபா.

⁂

ரெய்னர்ஸ் லேன்
20.11.1988

மதிப்புக்குரிய பெர்னடெற்றின் ஐயாவுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். இங்கே தண்ணீர் பிடித்து வைத்தால் காலையில் கண்ணாடியாய் நிற்கிறது. காதுக்குத் தொப்பி போடவும்.

மகன் காரில் கொண்டுவருகிற பேப்பர்ச் சுற்றில் ஆறு தடி இருக்கிறது. றெஜினோல்ட் இலை கொட்டின பிறகு வெட்டினது. அடியைச் சரிவாயும் தலையை நேராயும் வெட்டியிருக்கிறார், தலைகீழாய் நடாமல் இருக்க. விரல் நீளம் வெளியே தெரியத் தாட்டால் போதுமாம். இரண்டு வருசத்தில் காய்க்குமாம். "உன்ரை மனிசனுக்கு நத்தார்ப் பரிசு" என்று சொல்லித் தந்தார். வாங்கிக்கொள்ளவும்.

மருமகளைப் பாங்க் வேலைக்கு ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளையை வெளியே விட மகனுக்கு மனமில்லை. நத்தாருக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வாருங்கள், அப்போது கதைக்கலாம்.

மாதா துணை.

மதலேனம்மா

⁂

பிளேஸ்டோ
11.12.1988

பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

சுகம். தொப்பி போட்டிருக்கிறேன்.

ஆறு கதியால் தடியும் கிடைத்தது. நான் ஊரில் பார்த்த வேலிக் கதியால் எத்தனை ஆயிரம்! கிளுவை, பூவரசு, முள்முருக்கு. ஆனால் லண்டனில் இருந்து லண்டனுக்கு ஒருவர் எனக்குக் கதியால் அனுப்பினதை இப்போதுதான் பார்க்கிறேன். என்ன கருத்து? என் வேலி பொட்டும் ஓட்டையுமாய்க் கிடக்கிறது, அடைத்து வைத்திரு என்றா?

வேலிக்குக் கதியால், பழத்துக்கு விதை. இது கூடத் தெரியாத மனிசன் அறுபது வருசம் தோட்டம் செய்தாராம்.

கோடியில் நரி வந்து போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்த ஆறையும் அதிலே வரிசையாய்க் குத்திவிட்டேன். நன்றி சொல்லு. நரி இனி வராது.

ஜனவரிக்குப் பிறகும் நீ அங்கேதான் என்று விளங்கியது. பிள்ளையைப் பார்.

நத்தாருக்கு வருகிறோம். காரில் வேண்டாம், ரெயினில் போவோம் என்று பெர்னடெற்றிடம் சொல்லியிருக்கிறேன்.

செபமாலைமுத்து
×

⁂

ரெய்னர்ஸ் லேன்
8.1.1989

பெர்னடெற்றின் ஐயாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததாகப் பெர்னடெற் போனில் சொன்னாள்.

நத்தார் அன்று நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று இரண்டு கிழமை பார்த்தேன். முடியவில்லை.

அந்த மனிதர் கழுத்துப்பட்டி கட்டி, ஒரு போத்தல் பழரசத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கை நீட்டினார். நீங்கள் கையைப் பின்னாலே கட்டிக்கொண்டீர்கள். பிறகு மகனைப் பார்த்து, "மனிசி செத்து எத்தினை வருசம் எண்டு கேள். ஏன் இன்னொண்டு கட்டேல்லை எண்டும் கேள்" என்றீர்கள். மகனுக்கு முகம் சிவந்து, "ஐயா உங்களுக்கு நத்தார் வாழ்த்துச் சொல்லுறார்" என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அவர் ஒருநாளும் இந்த வீட்டு வாசற்படி ஏறினதில்லை. போன மாசம் எங்கள் பக்கத்துக்கு ஒரு பற்றை தந்தபோது, மண்வெட்டியோடு நின்று, "எங்கே வெட்ட?" என்று என்னைக் கேட்டார். நான் கை காட்டினேன். காட்டின இடத்தில் வெட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

எங்களுக்குக் கலியாணம் முடிந்து நாற்பத்தாறு வருசம். கிணறு வெட்டினோம், வீடு கட்டினோம், பெர்னடெற்றுக்கு மாப்பிள்ளை பார்த்தோம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தோம். ஒன்றுக்கும் 'எங்கே' என்று நீங்கள் என்னைக் கேட்டதில்லை.

குளிசையை மறக்க வேண்டாம்.

மதலேனம்மா

⁂

பிளேஸ்டோ
23.4.1989

பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். மூன்றரை மாசம் எழுதவில்லை. கை சுகமில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். எழுதுகிற கை சபாரத்தினத்தாருடையது என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதினதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கிணறு வெட்டின இடத்தில் தண்ணீர் வந்ததுதானே.

விதை முளைத்துவிட்டது. பதினான்கு! மாசியில் போத்தலைத் திறந்து தட்டில் தூவினேன். பங்குனி பத்தொன்பது, சூசையப்பர் திருநாள் அன்று காலை முதலாவது தலை காட்டியது. கடுகுக்கு இரண்டு காது வைத்தமாதிரி. இப்போது மூன்றாம் இலை வந்துவிட்டது, திராட்சை இலையின் குஞ்சு போல. கிள்ளி மணந்தால் பூனை மூத்திர வாசம். அப்படித்தான் மணக்க வேண்டுமாம், நூல்நிலையத்தில் புத்தகம் பார்த்துச் சபாரத்தினத்தார் சொன்னார். இதை அந்த மனிசனுக்குச் சொல். பதினான்கு என்று சொல். விரல் காட்டிச் சொல்.

வேறு புதினம் இல்லை. வேலி வேலியாய் இருக்கிறது.

செபமாலைமுத்து
×

அக்கா, அந்த ஆறு தடியும் தளிர்த்து ஒரு சாண் உயரம் நிற்கின்றன. பதினான்கு குஞ்சும் அவற்றின் ஓர் இலைக்குள் ஒளிக்கலாம். கிறிஸ்துநாயகம் வந்தால் கண்டுவிடுவான் என்று கதியாலுக்கு மேலே சாக்குப் போட்டு மூடி வைக்கிறார். ஆனால் பின்னேரம் சாக்கைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிறார். அவருக்கு இதைச் சொல்ல வேண்டாம். — சபா.

⁂

ரெய்னர்ஸ் லேன்
14.5.1989

மதிப்புக்குரிய பெர்னடெற்றின் ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோசம். நாங்கள் எல்லோரும் சுகம். பேரன் சுவரைப் பிடித்து நிற்கிறான்.

பதினான்கு என்று விரல் காட்டிச் சொன்னேன். அவர் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துவிட்டு, நான் காட்டின நாலையும் பார்த்தார். நத்தைக்குக் காவல் வையுங்கள் என்றார். ஒரு இரவில் முடித்துவிடுமாம். சுற்றிவர முட்டைக்கோது நொறுக்கிப் போடவும்.

மருமகளுக்கு மறுபடியும் மாசம் தள்ளியிருக்கிறது. கார்த்திகையில் பிள்ளை. மகன் இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு புதுக் கட்டில் வாங்கியிருக்கிறான்.

வெயில் காலத்தில் கதியாலைச் சாக்குப் போட்டு மூடினால் அவிந்து போகும். எடுத்துவிடவும்.

மதலேனம்மா

⁂

பிளேஸ்டோ
28.5.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐயா சொல்லச் சொல்ல பெர்னடெற் எழுதுகிறேன்.

நான் சுகம். நீ சுகமா? கன்றுகள் சுகம். காலநிலை பரவாயில்லை.

செபமாலைமுத்து
×

அம்மா, இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்கிறார் இல்லை. சபாரத்தினம் மாமாவோடு ஏதோ கோபம். "கள்ளத் தபாற்காரன்" என்று திட்டுகிறார். உங்கள் கடிதத்தை என்னிடம் மூன்றுதரம் வாசிக்கச் சொல்லி, எத்தனை வரி, எத்தனை பக்கம் என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். என்னம்மா நடந்தது?

⁂

பிளேஸ்டோ
21.7.1991

பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

சுகம். நீயும் பேரப்பிள்ளைகள் இருவரும் சுகம் என்று எனக்குத் தெரியும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருசமாய் நத்தாருக்கு ஒரு வாழ்த்துக் காட், உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு காட். நடுவில் இரண்டு தரம் காரில் வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து, சோறு தின்று திரும்பினேன். அதெல்லாம் கடிதம் ஆகாது. என் கீறுக்குக் கீழே களவாய் உனக்கு எழுதின சபாரத்தினத்தாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். வேறு ஆள் இல்லை. இனிக் கடைசி வரிக்கு அடியிலேயே, இடம் விடாமல், தாளின் விளிம்பு வரைக்கும் கீறு போடுவேன். "இப்ப சந்தோசமோ அண்ணை?" என்கிறார். அதையும் எழுது என்றேன்.

பதினான்கில் ஒன்பதை நத்தை தின்றது. நாலு பனியில் போனது. ஒன்று நின்றது. இந்த வருசம் அது காய்த்தது. இருபத்திமூன்று பழம்.

கதியால்கள் போன வருசமே காய்த்தன. ஆறிலும் வாளி வாளியாய். பெர்னடெற் ஜாம் காய்ச்சினாள். நான் தின்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருசம் பிடித்தது.

ஆனால் இருபத்திமூன்றும் என்னுடையவை. அவற்றைக் குளிசைப் பெட்டியில் போட்டு, வியாழக்கிழமை காலை மகள் வேலைக்குப் போன பிறகு, தனியே வெளிக்கிட்டேன். ஸ்ரேசன் பேர் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நத்தாருக்கு ரெயினில் வந்த வழியை நான் எண்ணி வைத்திருந்தேன். ஏறி, பதினைந்தாவது நிற்கிற இடத்தில் இறங்க வேண்டும். பிறகு "அக்ஸ்பிறிஜ்" என்று மட்டும் ஒருவரைக் கேட்டு, மற்ற ரெயினில் ஏறி, ஏழாவதில் இறங்க வேண்டும். இறங்கினேன். இடக்கைப் பக்கம் தபாற்பெட்டி, பிறகு பச்சைக் கதவு வீடு, பிறகு எங்கள் மகன் வீடு. ஒன்றும் பிசகவில்லை.

வாசல் மணியை அழுத்தக் கை தூக்கினேன். பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டதென்றால் பார். எட்டிப் பார்த்தேன். நீ சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அந்த மனிசன் வேலிக்கு அங்கால். நீ சிரிக்கிறாய். வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தோள் குலுங்கச் சிரிக்கிறாய்.

நாற்பத்தெட்டு வருசத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எந்த வருசம் எந்த மாடு கன்று போட்டது என்று சொல்வேன். நீ அப்படிச் சிரித்த நாள் ஒன்று என்னிடம் இல்லை.

திரும்பி வந்துவிட்டேன். ரெயினில் இருந்து பழத்தை ஒவ்வொன்றாய்த் தின்றேன். ஏழு இடத்துக்கு ஏழு, பிறகு பதினைந்து இடத்துக்குப் பதினைந்து. ஒன்று மிஞ்சியது. புளிப்பு. அவருடைய பழம் மாதிரி இல்லை. ஒரு வேறு வாசம் இருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

செபமாலைமுத்து
×××××××××

⁂

ரெய்னர்ஸ் லேன்
1.9.1991

மதிப்புக்குரிய பெர்னடெற்றின் ஐயாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை ஆறு கிழமை தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். வாசிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மறுமொழி வந்தது. இப்போது வந்ததை எழுதுகிறேன்.

மணியை அழுத்தியிருக்கலாம். தேத்தண்ணியாவது குடித்திருக்கலாம். எழுபத்திமூன்று வயதில் வெறும் வயிற்றோடு ரெயினில் வந்து போகிற மனிசனை நான் என்ன செய்ய?

நான் எதற்குச் சிரித்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மருமகன் உங்கள் தோட்டத்தைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் குடித்த கதையைத்தான் அன்றைக்கு அவருக்குச் சொன்னேன். வாயாலும் கையாலும் சொன்னேன். உங்களைப் போல இடுப்பில் கை வைத்து, "அது என்ரை தோட்டமடா" என்று உங்கள் குரலில் கத்திக் காட்டினேன். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் எனக்கு அந்த ஆள் கிடைத்தது. உங்களைப் பற்றி உங்களோடு சிரிக்க முடியாது.

விதையில் வந்த பற்றை காய்த்ததென்று பிறகு சொன்னேன். அன்று முழுக்க அவருக்கு முகம் சரியில்லை. அறுபது வருசம் தோட்டம் செய்தும் தடி வெட்டித் தடி வைத்தது தவிர வேறொன்றும் செய்யவில்லை, ஊர் முழுக்க இருக்கிற பழம்தான் என்னிடமும் இருக்கிறது, உன் மனிசனிடம் இருப்பது உலகத்தில் வேறு ஒருவரிடமும் இல்லை என்றார். மகன் மொழிபெயர்த்துச் சொன்னான், நான் கூட்டிச் சொல்லவில்லை.

இனி முக்கியமான விசயம். மகன் "அம்மா இரு" என்கிறான். மகள் போனில் "அம்மா வா" என்கிறாள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் செப்ரெம்பர் பன்னிரண்டை எண்ணுகிறீர்கள். நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்கு இங்கே இருக்க விருப்பம். இந்தக் கோடியில் இப்போது எட்டுப் பற்றை, ஒரு மிளகாய் வரிசை, எல்லாம் நான் கை காட்டின இடத்தில். பேரன்களும் நான் சொன்னால் கேட்கிறார்கள். பிளேஸ்டோவுக்குத் திரும்பி வரமாட்டேன். உங்களோடு கோபத்தில் இல்லை. இதை உங்களிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வராது, ஆகையால் எழுதுகிறேன். சபாரத்தினம் தம்பி, ஒரு சொல் விடாமல் வாசியுங்கள்.

மாதா உங்களைக் காப்பாராக.

மதலேனம்மா

⁂

பிளேஸ்டோ
10.11.1991

பெர்னடெற்றின் அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

சபாரத்தினத்தார் ஒரு சொல் விடாமல் வாசித்தார். அந்த மனிசனுக்கு முகம் சரியில்லை என்ற இடத்தை மூன்றுதரம் வாசிக்கச் சொன்னேன். நீ வரமாட்டேன் என்ற இடத்தை ஒருதரம்தான். ஒருதரம் கேட்டால் எனக்குப் போதும், மறக்காது.

பிறகு எட்டுக் கிழமை, பின்னேரமெல்லாம் பற்றைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருட்டும் வரைக்கும் இருந்தேன். பெர்னடெற் பயந்து டொக்டரிடம் கொண்டுபோனாள். "ஐயாவுக்கு என்ன வருத்தம்?" என்றார். "ஒரு கணக்குப் பிழைச்சுப் போச்சு" என்றேன். உண்மை அதுதான். நீ எப்போது வருவாய் என்று மூன்று வருசம் எண்ணினேன். நான் எப்போது வருவேன் என்று ஒருநாளும் எண்ணவில்லை.

பற்றையில் இலை கொட்டிவிட்டது. இலை இல்லாத நேரம் கிளப்பினால் அதற்கு நோகாதாம், நூல்நிலையப் புத்தகத்தில் இருக்கிறதாம். நேற்று வட்டமாய் வெட்டி, வேரோடும் மண்ணோடும் எடுத்து, கழுவின பெயின்ற் வாளியில் வைத்திருக்கிறேன். கதியால் ஆறையும் மகளுக்கு விட்டுவிடுகிறேன். அவள் ஜாம் காய்ச்சட்டும்.

சின்ன அறையில் உனக்கும் சின்னவனுக்கும்தான் இடம் என்று தெரியும். எனக்கு முன்னறைச் சோபா போதும். கால் நீட்ட ஏலாது, ஆனால் நான் முழங்காலை மடக்கித்தான் படுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மகனிடம் நீ கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் வாளியை மட்டும் தந்துவிட்டுத் திரும்புவேன்.

வியாழக்கிழமை, இருபத்தோராம் திகதி, காலை ரெயினில் வருகிறேன். காரில் ஒருவரும் வரத் தேவையில்லை, வழி எனக்குத் தெரியும். மணியை அழுத்துவேன்.

பற்றைக்கு எங்கே கிடங்கு வெட்டுகிறது என்று நீ பார்த்து வை. நீ கை காட்டினால் நான் வெட்டுகிறேன். அந்த மனிசனின் வேலிக் கரையில் காட்டினாலும் வெட்டுவேன். அந்த நேரம் என் முகத்தை மட்டும் பாராதே.

செபமாலைமுத்து
×